துடிப்பு அடங்கிய பிறகு

இலங்கையின் வடக்கிலுள்ள முகமாலையில் மிதிவெடி அகற்றும் பணியாளர் நிலத்துக்கு மேலே ஒரு டிடெக்டரை மெல்ல வீசிச் செல்கிறார். அது துடிப்புத் தூண்டல் வகையைச் சேர்ந்ததாயின், அதன் வட்டச் சுருள் ஒரு செக்கனுக்குப் பல நூறு தடவை நிலத்துக்குள் காந்தப்புலத்தைச் செலுத்தி உடனே அறுத்துவிடுகிறது. மின்னோட்டம் ஏறச் சில நூறு மைக்ரோ செக்கன் போதும். அறுபடுவதற்குச் சில மைக்ரோ செக்கனே செல்லும். ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கே ஒரு மைக்ரோ செக்கன். புலம் அடங்கியதும் அதுவரை பேசிய சுருள் கேட்கத் தொடங்குகிறது. கண்ணிவெடி தேடும் கருவிகளின் வெற்றியும் தோல்வியும் அடுத்து வரும் சில பத்து மைக்ரோ செக்கன்களில் அடங்கியிருக்கின்றன.

அந்த இடைவெளியில் பதில் சொல்வது ஒரு பொருள் மட்டுமல்ல. உலோகத்துக்குள் எழுந்த சுழிப்போட்டங்கள் தேய்ந்துகொண்டே பதில் சொல்கின்றன. மண்ணிலுள்ள இரும்பு ஒட்சைட்டுத் துணிக்கைகள் காந்தத்தை இழக்க அடம்பிடித்துப் பதில் சொல்கின்றன. புலம் போதிய அளவு வலிதாக இருந்தால், உருக்குத் துண்டுகள் நீண்டு சுருங்கி அதிர்ந்து பதில் சொல்கின்றன. வானொலி மீடிறனில் துடிப்பைக் கொடுத்தால், வெடிமருந்தில் உள்ள நைதரசன் அணுக்கருக்களும் பேசும். இந்தக் குரல்களில் ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரிப்பதே சிக்கல். புலத்தை வலுப்படுத்தினால் சிக்கல் தீரும் என்பது பலருக்கும் முதலில் தோன்றும் எண்ணம். பெரும்பாலும் அது தீர்வதில்லை. ஏன் என்பதற்கு மண்ணிலிருந்தே தொடங்கலாம்.

முகமாலைக்குத் தெற்கே விரியும் வன்னியின் உட்பகுதியில், வவுனியாவிலிருந்து மாங்குளம், ஒட்டுசுட்டான் வரை, பெரும்பாலும் சிவந்த கபில மண். கடலோரம் வெளிறிய மணல். இடையிடையே செம்மண்ணும், வீதி போடத் தோண்டியெடுக்கும் கிரவலும். சிவப்பு நிறத்துக்குக் காரணம் இரும்பு ஒட்சைட்டுகள். ஆனால் நிறத்தைத் தரும் ஹெமடைட்டும் மஞ்சள் சாயலைத் தரும் கோதைட்டும் காந்தத்தால் மிக மெல்லவே ஈர்க்கப்படுபவை. டிடெக்டரைக் குழப்புபவை கண்ணுக்குத் தெரியாத வேறு இரண்டு: மக்னடைட்டும் மக்ஹெமைட்டும். அதிலும் குறிப்பாக, ஒரு மில்லிமீற்றரின் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு விட்டமுள்ள நுண்துணிக்கைகள்.

இவை ஏன் தொல்லை தருகின்றன என்பதற்கான கோட்பாட்டை 1949 இல் பிரெஞ்சு இயற்பியலாளர் லூயி நீல் தந்தார். காந்தவியல் பணிகளுக்காக அவருக்கு 1970 இல் நோபல் பரிசு கிடைத்தது. மிகச் சிறிய துணிக்கை ஒவ்வொன்றும் முழுமையாக ஒரே திசையில் காந்தமாகியிருக்கும். அந்தத் திசையை மறுபக்கம் புரட்ட ஓர் ஆற்றல் தடையைத் தாண்ட வேண்டும். வெப்பம் அந்தத் தடையை இடைவிடாது தட்டிக்கொண்டிருக்கிறது. தடையின் உயரம் துணிக்கையின் கனவளவோடு வளர்கிறது. புரள எடுக்கும் நேரமோ அந்த உயரத்தின் அடுக்குக்குறியாக வளர்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் விளைவு வியப்பூட்டும். ஒரு துணிக்கை புரள 100 மைக்ரோ செக்கன் எடுக்கிறது என்று கொள்வோம். அதன் விட்டம் 10 வீதம் கூடினால் கனவளவு மூன்றிலொரு பங்கு கூடும், புரளும் நேரமோ ஏறக்குறைய 45 மடங்காகிவிடும். ஒரு பிடி மண்ணில் எல்லா விட்டங்களிலும் துணிக்கைகள் கலந்திருப்பதால், எல்லா நேர அளவுகளிலும் ஏதோ சில துணிக்கைகள் புரண்டுகொண்டே இருக்கும். புலத்தை அறுத்த பிறகு மண்ணின் காந்தம் சட்டென மறையாமல் இழுபட்டுத் தேய்வது இதனால்தான். சுருளில் அது தரும் மின்னழுத்தம் காலத்துக்கு நேர்மாறாகக் குறைகிறது. இரு மடங்கு நேரம் காத்திருந்தால் பாதி, நான்கு மடங்கு காத்திருந்தால் கால்.

வன்னிக்கென்று இதில் ஒரு தனிக் கிளைக்கதை உண்டு. பிரெஞ்சு ஆய்வாளர் லெ போர்ன் 1955 இல், மேல்மண் அடிமண்ணைவிடக் கூடுதலாகக் காந்தத்துக்கு வசப்படுகிறது என்று காட்டினார். நெருப்பை அதற்கொரு காரணமாக முன்வைத்தார். இலைதழைகளோடு மண் எரியும்போது ஒட்சிசன் குறைந்து, மெலிந்த காந்தமுள்ள ஒட்சைட்டுகள் மக்னடைட்டாகின்றன. ஆறும்போது அவற்றில் ஒரு பகுதி மக்ஹெமைட்டாகிறது. வன்னியிலோ தலைமுறை தலைமுறையாகக் காடு வெட்டிச் சேனை எரித்திருக்கிறார்கள். எள்ளும் குரக்கனும் விளைந்த அந்தத் துண்டுகளில், மேலே சில சென்றிமீற்றர் மண் அயல் காட்டு மண்ணைவிட டிடெக்டருக்கு உரத்துப் பதில் சொல்லும் என்று எதிர்பார்க்க இயற்பியல் இடம் தருகிறது. மிதிவெடி புதைக்கப்படுவதும் அதே சில சென்றிமீற்றருக்குள்தான்.

இனி உலோகத்துக்கு வருவோம். வன்னியில் புதைந்தவற்றில் பாகிஸ்தான் தயாரிப்பான பி 4, சீனத் தயாரிப்பான டைப் 72, விடுதலைப் புலிகள் தாமே செய்த ரங்கன் 99, ஜொனி ஆகிய மிதிவெடிகள் உண்டு. பிளாஸ்ரிக் உடலுடைய வகைகளில் உலோகம் என்று சொல்ல ஒரு சிறு ஊசியும் வெடிதூண்டியின் மெல்லிய உறையும் மட்டுமே இருக்கும். அந்தச் சிறு துண்டில் எழும் சுழிப்போட்டம் அடுக்குக்குறி வீதத்தில் தேய்கிறது. முதலில் மண்ணைவிட உரக்க ஒலித்து, விரைவில் மண்ணுக்குக் கீழே அமிழ்ந்துவிடும். மண்ணும் உலோகமும் தேயும் விதம் வேறுபடுவதே பொறியியலாளருக்குக் கிடைத்த ஒரே பிடி.

அந்தப் பிடியை அவர்கள் பயன்படுத்தும் விதத்தை எளிய எண்களில் பார்க்கலாம். துடிப்பு அறுந்து 20 மைக்ரோ செக்கனில் ஒரு தடவையும் 40 இல் இன்னொரு தடவையும் அளக்கிறோம். மண்ணின் பதில் இரண்டாவது அளவில் சரிபாதியாகியிருக்கும். ஆகவே முதல் அளவிலிருந்து இரண்டாவதன் இரு மடங்கைக் கழித்தால் மண் முற்றாக மறைந்துவிடும். தேய்வுக் காலம் 10 மைக்ரோ செக்கனாக உள்ள ஓர் உலோகத் துண்டு இந்தக் கழித்தலில் தப்பிப் பிழைக்கும். அதன் முதல் பதிலில் முக்கால் பங்கு எஞ்சும். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தேய்வுக் காலம் ஏறத்தாழ 29 மைக்ரோ செக்கனாக உள்ள துண்டும் அந்த இரு நேரங்களுக்கிடையே சரியாகப் பாதியாகும். அதுவும் மண்ணோடு சேர்ந்து மறையும். மண்ணை மௌனமாக்கும் ஒவ்வொரு ஒற்றைச் சூத்திரமும் ஒரு வகை உலோகத்தையும் சேர்த்தே மௌனமாக்குகிறது. இத்தகைய டிடெக்டர்களால் தங்கம் தேடுவோர் இதைக் குழி என்பார்கள். அடிலெய்டைச் சேர்ந்த மைன்லாப் நிறுவனம், இரும்புக் கல் நிறைந்த ஆஸ்திரேலியத் தங்க வயல்களுக்காக வெவ்வேறு நீளத் துடிப்புகளை மாற்றி மாற்றிச் செலுத்தும் முறையை வளர்த்தெடுத்தது. ஒரு நீளத்தில் விழும் குழியை இன்னொரு நீளம் மூடும். பின்னர் கண்ணிவெடி தேடும் கருவிகளையும் அந்நிறுவனம் செய்தது.

புலத்தைப் பத்து மடங்காக்கினால் என்ன நடக்கும்? உலோகத்தின் பதில் பத்து மடங்காகும். மண்ணின் பதிலும் பத்து மடங்காகும். விகிதம் அசையாது. கருவியின் சொந்த இரைச்சலும் தூரத்து மின்னல்களின் குறுக்கீடும் மட்டுமே பின்னுக்குத் தள்ளப்படும். மண்ணே எதிரியாக உள்ள இடத்தில் வலிமை உதவாது.

*

இனி நீட்சிக்கும் அதிர்வுக்கும் வரலாம். புலத்தை மேலும் மேலும் கூட்டிக்கொண்டே போனால் பொருள் காந்தமாவதோடு நிற்பதில்லை, வடிவமும் மாறுகிறது. 1842 இல் மான்செஸ்டரில் ஜேம்ஸ் ஜூல் இரும்புக் கோலொன்றைக் காந்தமாக்கி, அது மயிரிழையிலும் மிகச் சிறிய அளவு நீளுவதை நெம்புகோல்களால் பெருப்பித்துக் கண்டார். இதைக் காந்த உருமாற்றம் என்போம். இரும்பு மெலிந்த புலத்தில் நீண்டு, வலிய புலத்தில் திரும்பிச் சுருங்கும். காந்தம் இனிக் கூடாதவாறு நிறைவடைந்த நிலையில் மில்லியனில் 7 பங்கு சுருக்கம். நிக்கல் மில்லியனில் 34 பங்கு சுருங்குகிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்துச் சோனார் கருவிகளில் நிக்கல் அடுக்குகள் கடலுக்குள் ஒலி எழுப்பியது இந்தச் சுருக்கத்தால்தான். 1970களில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுகூடத்தில் ஆர்தர் கிளார்க்கும் கூட்டாளிகளும் டெர்பியம், டிஸ்புரோசியம், இரும்பு மூன்றையும் கலந்து உருவாக்கிய டெர்ஃபெனால்-டி மில்லியனில் ஆயிரத்துக்கும் மேலாக நீளுகிறது.

நீட்சிக்கு மூலம் எது? இங்கே ஒரு தமிழரின் பெயர் வந்தாக வேண்டும். விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பில் 1898 இல் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், சி. வி. ராமனோடு சேர்ந்து ஒளிச்சிதறல் ஆய்ந்தவர் என்றே பரவலாக அறியப்படுகிறார். ஆனால் டாக்காவிலும் பிறகு கல்கத்தாவிலும் அவர் செய்த பெரும் வேலை பளிங்குகளின் காந்தத் திசைவேறுபாட்டைப் பற்றியது. மெல்லிய குவாட்ஸ் இழையில் பளிங்கொன்றைத் தொங்கவிட்டு, சீரான காந்தப்புலத்தில் வைத்து, இழையின் மேல்முனையைத் திருகிக்கொண்டே போவார். ஒரு கோணத்தில் பளிங்கு திடீரெனப் புரளும். அந்தக் கோணத்திலிருந்து, பளிங்கின் ஒரு திசை மறு திசையைவிட எவ்வளவு எளிதாகக் காந்தமாகிறது என்று கணிப்பார். செலவில்லாத, நேர்த்தியான முறை. அணுக்கருவைச் சூழ்ந்த எதிர்மின்னிகள் உருண்டையாகப் பரவாமல் ஒரு பக்கம் நீண்டிருப்பதும், அந்த வடிவம் காந்தத் திசையோடு பிணைந்திருப்பதும் திசைவேறுபாட்டின் வேர். காந்தத் திசையைத் திருப்பினால் அந்த வடிவமும் திரும்ப முயலும், அயலணுக்கள் தள்ளப்படும், பளிங்கு நீளும் அல்லது சுருங்கும். கிருஷ்ணன் அளந்த திசைவேறுபாடும் ஜூல் கண்ட நீட்சியும் ஒரே வேரில் எழுந்த இரு கிளைகள்.

இந்த நீட்சியின் ஒரு குணத்தைக் கவனிக்க வேண்டும். இரும்புக்குப் புலம் வடக்கு நோக்கியதா தெற்கு நோக்கியதா என்பது பொருட்டல்ல. இரண்டிலும் ஒரே அளவே நீளும். வவுனியா – கிளிநொச்சி – சுன்னாகம் 132 கிலோவோல்ட் தடத்தில் உள்ள மின்மாற்றிகள் 50 ஹேட்ஸ் மின்சாரத்தில் இயங்கியும், 100 ஹேட்ஸில் முரல்வது இதனால்தான். புலம் ஒருமுறை வந்து போகையில் அகணி இருமுறை நீண்டு சுருங்குகிறது. ஆனால் நிலையான ஒரு புலம் ஏற்கெனவே உருக்கைப் பிடித்திருந்தால் நிலைமை மாறும். அப்போது வரும் சிறு துடிப்பு அந்த நிலைப்புலத்தோடு கூடியோ குறைந்தோ செயற்படும். உருக்கும் துடிப்பின் அதே மீடிறனில், மிக வலுவாக அதிரும்.

கடைகளில் துணிமணிகளோடு ஒட்டியிருக்கும் திருட்டுத் தடுப்புப் பட்டையில் ஒரு வகை இந்தப் பண்பில்தான் இயங்குகிறது. உள்ளே ஏறக்குறைய 38 மில்லிமீற்றர் நீள, பளிங்குருவற்ற உலோக நாடா. பக்கத்தில் அதற்கு நிலைப்புலம் தரும் இன்னொரு காந்த நாடா. கடைவாசலில் உள்ள சுருள் 58 கிலோ ஹேட்ஸில் குறுந்துடிப்பு ஒன்றைத் தந்து நிறுத்தும். அந்த நீளத்து நாடாவின் இயற்கை மீடிறனும் அதுவே என்பதால் துடிப்பு நின்ற பிறகும் நாடா சற்று நேரம் அதிர்ந்துகொண்டிருக்கும். சுருள் கேட்பது அந்த எஞ்சிய அதிர்வை. காசு கொடுத்ததும் நிலைப்புலம் தரும் நாடாவின் காந்தத்தை அழித்துவிடுவார்கள்; நாடாவின் மீடிறன் இடம் மாறும்; வாசலில் ஓசை எழாது. காந்தப்பொருள் ஒன்று துடிப்புப் புலத்தில் உருமாறி அதிர்வதற்கு இதைவிடச் சுத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. அதிர வேண்டும் என்றே செய்யப்பட்ட பொருள் அது. வேண்டாத இடத்தில் அதிரும் பொருள்களைப் பற்றிப் பேசுமுன், உண்மையிலேயே வலிய புலங்கள் எப்படிப்பட்டவை என்று பார்த்துவிடுவது நல்லது.

1920களில் கேம்பிரிட்ஜில் பியோத்தர் கபித்சா, ஒரு மின்பிறப்பாக்கியைக் கணநேரம் குறுஞ்சுற்றாக்கி, 32 டெஸ்லா வரை புலத்தை ஒரு செக்கனின் நூறிலொரு பங்கு நேரம் நிலைக்கச் செய்தார். வன்னியில் பூமியின் சொந்தக் காந்தப்புலம் ஏறத்தாழ 40 மைக்ரோ டெஸ்லா. கபித்சாவின் புலம் அதைவிட எட்டு இலட்சம் மடங்கு. நீண்ட நேரம் அந்த மின்னோட்டத்தை விட்டால் சுருள் உருகிவிடும், ஆகவே குறுந்துடிப்பு. அவர் செய்த ஒரு சூழ்ச்சி என்னை எப்போதும் கவர்ந்திருக்கிறது. குறுஞ்சுற்றில் இயந்திரம் குலுங்கும் குலுக்கம் நிலத்தின் வழியே அளவீட்டைக் கெடுத்துவிடும். அதனால் சுருளை இயந்திரத்திலிருந்து 20 மீற்றர் தள்ளி வைத்தார். நிலத்தினூடாக அதிர்ச்சி வந்து சேர்வதற்குள் சோதனை முடிந்துவிடும். அந்தப் புலங்களில்தான் அவர் பிஸ்மத் போன்ற, சாதாரணமாகக் காந்தப்பொருள் என்று யாரும் எண்ணாத பொருள்களும் உருமாறுவதை அளந்தார்.

புலத்துக்கு அழுத்தமும் உண்டு. 1 டெஸ்லா 4 வளிமண்டல அழுத்தத்துக்குச் சமமாகச் சுருளை வெளியே தள்ளும். அழுத்தம் புலத்தின் வர்க்கமாகக் கூடுவதால் 100 டெஸ்லாவில் அது நாற்பதாயிரத்தை நெருங்குகிறது. உருக்கால் தாங்க இயலாத அளவு. சுருள்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, இடையிடையே வலுவூட்டி, சுமையைப் பங்கிட்டுத்தான் அமெரிக்காவின் லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்தினர் 2012 இல் சுருள் சிதறாமல் 100 டெஸ்லாவைத் தாண்டினர். சுருள் சிதறினாலும் பரவாயில்லை என்று துணிந்தால் இன்னும் மேலே போகலாம். 2018 இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தினர் காசிவா வளாகத்தில், சுருங்கும் செப்பு உருளைக்குள் புலத்தை நெரித்து 1200 டெஸ்லாவை எட்டினர். ஆய்வுகூடத்தின் இரும்புக் கதவு அடிபட்டுத் திறந்துகொண்டது.

சில மைக்ரோ செக்கனில் எல்லாம் வெடித்து முடியும் இடத்தில் ஒரு பளிங்கு எவ்வளவு நீண்டது என்று அளப்பது எப்படி? பளிங்கின்மேல் தலைமயிர் தடிப்பில் ஓர் ஒளியிழையை ஒட்டுகிறார்கள். இழைக்குள் நெருக்கமான வரிகள் பதிக்கப்பட்டிருக்கும்; வரிகளுக்கிடையிலான தூரம் எந்த நிறத்தைத் திருப்பி அனுப்புவது என்று தீர்மானிக்கும். பளிங்கு நீண்டால் இழையும் நீளும், திரும்பும் நிறம் நகரும். கண்ணாடிக்குக் காந்தப்புலத்தின் ஆரவாரம் கேட்காது. இந்த முறையால் 2017 இல் லொஸ் அலமோஸ் குழுவினர், யுரேனியம் டைஒக்சைட்டில் கண்ட ஒரு விநோதத்தை வெளியிட்டனர். மிகக் குளிர்ந்த நிலையில் அது இரும்பைப் போலன்றிப் புலத்தின் திசையைப் பொருட்படுத்துகிறது: ஒரு திசையில் நீளும், மறு திசையில் சுருங்கும், ஏறத்தாழ 18 டெஸ்லாவைத் தாண்டும்போது தன் பழக்கத்தையே புரட்டிக்கொள்ளும். டோக்கியோ குழுவினர் பின்னர் இதே ஒளியிழை முறையை 600 டெஸ்லா வரை கொண்டுசென்றனர்.

இத்தகைய அளவீடுகளில் பெருந்தொல்லை அதிர்வுதான். ஒலி திண்மத்தில் செக்கனுக்கு ஏறத்தாழ 5 கிலோமீற்றர் செல்லும். 5 மில்லிமீற்றர்ப் பளிங்கைக் கடக்க ஒரு மைக்ரோ செக்கன். புலம் அதே வேகத்தில் ஏறினால் பளிங்கின் நடுவும் நுனியும் ஒன்றாக நீள நேரமில்லை. ஒரு முனையில் தொடங்கிய நீட்சி அலையாக ஓடி, மறுமுனையில் மோதித் திரும்பி, பளிங்கு மணியாகிவிடும். உண்மையான நீட்சி எது, மணியோசை எது என்று பிரித்தறிய வேண்டும். முகமாலையில் டிடெக்டருக்கு உள்ள அதே சிக்கல், வேறு அளவில்.

*

சாதாரண டிடெக்டரின் புலம் ஒரு மில்லிடெஸ்லாவை எட்டுவதில்லை. மிதிவெடியின் 10 மில்லிமீற்றர் ஊசி அதில் நீளும் அளவு ஓர் அணுவின் விட்டத்தைவிடச் சிறியது. அங்கே உருக்கின் அதிர்வைப் பற்றிக் கவலைப்பட எதுவுமில்லை. கவலை தொடங்குவது உலோகத்தை விட்டு வெடிமருந்தையே தேடப் புறப்பட்டபோது.

எண்ணம் அழகானது. இரும்புச் சிதறல்கள் நிறைந்த ஒரு முன்னரங்கில் டிடெக்டர் எழுப்பும் ஓசைகளில் மிகப் பெரும்பாலானவை ஷெல் துண்டு, ஆணி, முட்கம்பி, தகரம். வெடிமருந்தை நேரடியாக இனங்காண முடிந்தால் இந்த வீண் தோண்டல் இல்லை. ஆர்டிஎக்ஸ், டி.என்.டி. ஆகிய வெடிமருந்துகள் இரண்டிலும் நைதரசன் உண்டு. நைதரசன் கருவின் மின்னேற்றம் முழு உருண்டையாகப் பரவியிருக்காததால், பளிங்கின் உள் மின்புலம் அதைச் சில திசைகளில் நிறுத்த முயல்கிறது. சரியான வானொலி மீடிறனில் துடிப்புக் கொடுத்தால் கரு அசைந்து, துடிப்பு நின்ற பின் அதே மீடிறனில் மெல்லப் பேசும். ஆர்டிஎக்ஸுக்கு 3.41, 5.19 மெகா ஹேட்ஸ். ஒவ்வொரு வெடிமருந்துக்கும் தனி மீடிறன், ஆகவே கோட்பாட்டளவில் பொய் அடையாளத்துக்கு இடமில்லை. இதைக் கரு நான்முனைப் பரிவு என்பர். இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் ஜோன் ஸ்மித் போன்றோர் இதை வெடிமருந்து தேடப் பல ஆண்டுகள் வளர்த்தனர்.

மூன்று தடைகள் வந்தன. கருக்களின் குரல் மிக மெலிந்தது. அதை எழுப்பக் கிலோவாட் கணக்கில் துடிப்பு வேண்டும். இரண்டாவதாக, அந்தத் துடிப்பு அருகிலுள்ள உருக்கின் மேற்பரப்பில் மின்னோட்டத்தை எழுப்பும். உருக்கோ பூமியின் புலத்தாலும் தன் சொந்த எச்சக் காந்தத்தாலும் ஏற்கெனவே பிடிபட்டிருப்பது. கடைப் பட்டையில் கண்ட அதே நிலைப்புலம் இங்கே வேண்டாத விருந்தாளி. மேற்பரப்பு உதறி, உருக்குக்குள் மீயொலி அலைகள் ஓடி, அவை மீண்டும் காந்தச் சைகையாகிச் சுருளுக்குள் நுழைகின்றன. அதுவும் கருக்கள் பேசும் அதே மில்லி செக்கன்களில், அதே மீடிறனில். துடிப்பை வலுப்படுத்தினால் கருவின் குரலோடு இந்த ஓசையும் வளரும்.

இதைக் கழிக்க வழி கண்டார்கள். துடிப்புத் தொடர்களைக் கட்டம் மாற்றிக் கொடுத்தால், இரண்டு தொடர்களில் கருக்களின் பதில் குறி மாறிவரும்; உருக்கின் ஓசை மாறாது. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் ஓசை போய்விடும். ஆனால் அதற்கு உருக்கு ஒவ்வொரு தடவையும் சரியாக ஒரே மாதிரி அதிர வேண்டும். காந்தமான இரும்பு அப்படி நடந்துகொள்வதில்லை. அதன் உட்காந்தப் பகுதிகளின் எல்லைகள் வழுக்கிச் செல்லாமல் துள்ளித் துள்ளி நகர்கின்றன என்று 1919 இலேயே பார்க்ஹௌசன் காட்டியிருந்தார். அத்துள்ளலின் எச்சம் கழித்தலுக்குப் பிறகும் நிற்கும். போதாக்குறைக்கு, கடலோர மணலிலுள்ள குவாட்ஸ் மணிகளும் சுருளின் மின்புலத்தில் தம் பங்குக்கு அதிரும்.

மூன்றாவது தடை டி.என்.டி.யுடையது. டைப் 72 இல் இருப்பது ஏறத்தாழ 50 கிராம் டி.என்.டி. அதன் கருக்கள் ஒருமுறை பேசியபின் மீண்டும் பேசத் தயாராகப் பல செக்கன்கள் எடுக்கும். ஆயிரக்கணக்கான பதில்களைக் கூட்டிச் சராசரி எடுக்க முடியாது. அவை பேசும் மீடிறன்களோ 1 மெகா ஹேட்ஸுக்குக் கீழே, மத்திய அலை வானொலி வட்டாரத்தில். சென்னை வானொலி 720 கிலோ ஹேட்ஸில் ஒலிபரப்பிய அதே அயல். ஒரு காலத்தில் வன்னி வீட்டுத் திண்ணைகளில் பாட்டுக் கேட்ட பட்டைக்குள் வெடிமருந்தின் முணுமுணுப்பைத் தேடுவது என்றால் சிரிப்பு வருகிறது. கரு நான்முனைப் பரிவு மனிதாபிமானக் கண்ணிவெடி அகற்றலில் அன்றாடக் கருவியாகவில்லை.

இன்னொரு துணிச்சலான யோசனையையும் பார்த்துவிடலாம். மக்னடைட் ஏறத்தாழ அரை டெஸ்லாவுக்குள் நிறைவடைந்துவிடும். அதற்குமேல் புலம் கூடினாலும் அதன் காந்தம் கூடாது. அப்படியானால் மண் முழுவதையும் ஒரு பெருந்துடிப்பால் நிறைத்துவிட்டு, நிறைந்த மண் வாயடைத்திருக்க உலோகத்தைக் கேட்கலாமே? ஆற்றல் கணக்கு நடக்கக்கூடியதே. ஆனால் அப்படியொரு துடிப்பில் ஷெல் துண்டுகள் மண்ணுக்குள் உதறும், வெடிதூண்டியின் கம்பிகளில் மின்னோட்டம் எழும், காந்தத்தை உணரும் பொறிகள் விழித்துக்கொள்ளும். ஆய்வுகூடத்தில் கதவு அடிபட்டுத் திறந்துகொள்வதைப் போலல்ல, இங்கே சுருளைப் பிடித்திருப்பது ஒரு மனிதர்.

*

வன்னியில் என்ன நடந்தது? அரசுக்கும் புலிகளுக்கும் இடையிலான 2002 பெப்ரவரிப் போர்நிறுத்தத்துக்குப் பிறகு நோர்வே மக்கள் உதவி அமைப்பு வன்னியில் உள்ளூர்ப் பணியாளர்களோடு வேலை செய்தபோது, விறாண்டியால் மண்ணை வழித்துத் தேடும் முறை செம்மைப்பட்டது. பின்னர் அது ஜோர்தானுக்கும் போனது. ஒரு மீற்றர் அளவு அகலமான ஒழுங்கையின் முன்முகத்தில், பாரமான விறாண்டியால் மண்ணை இளக்கி, இலேசான விறாண்டியால் தன் பக்கம் வழித்து, மிதிவெடியைப் பக்கவாட்டில் வெளிக்கொண்டுவருவார்கள். மிதிவெடி வெடிக்க மேலிருந்து சில கிலோகிராம் அழுத்தம் வேண்டும். பக்கத்திலிருந்து மெல்லச் சுரண்டும் பல்லு அந்த அழுத்தத்தைத் தருவதில்லை. ஆபத்தே இல்லாத முறை என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அதற்கு மண்ணின் காந்தம், உலோகத்தின் தேய்வுக் காலம், உருக்கின் அதிர்வு எதுவும் பொருட்டல்ல. இரும்புச் சிதறல் ஆயிரம் கிடந்தாலும் ஒன்றுதான்.

இதை இயற்பியலின் தோல்வி என்று வாசிப்பவர்களோடு நான் உடன்படமாட்டேன். துடிப்புக்குப் பின்னான இடைவெளியில் ஏன் குரல்கள் கலக்கின்றன என்று தெரிந்தபடியால்தான், எங்கே டிடெக்டரை நம்பலாம், எங்கே விறாண்டிக்கு மாறவேண்டும் என்று முடிவெடுக்க முடிகிறது. முகமாலையின் தென்னங்காணி மணல் விறாண்டிக்கு இளகிக் கொடுக்கும். மண் காந்தமும் குறைவு, குழப்பம் சிதறல் இரும்பிலிருந்து வருவது. மாங்குளம் பக்கத்துச் சிவந்த மண் கோடையில் கல்லாகிவிடும். தண்ணீர் விட்டு இளக்க வேண்டும், வேலை ஊரும். அங்கே மண்ணின் பதிலைச் சரியாகக் கழிக்கும் டிடெக்டர் நாட்களை மிச்சப்படுத்தும். 2000 ஏப்ரலில் ஆனையிறவு வீழ்ந்த பிறகு, 2009 தொடக்கம்வரை முகமாலை பெரும்பாலும் முன்னரங்காகவே இருந்தது. வரிசை வரிசையாகப் புதைத்த இடம். ஹலோ ட்ரஸ்ட், மெக், டாஷ், ஷார்ப் ஆகிய அமைப்புகளில் மிதிவெடி அகற்றும் வேலையைச் செய்பவர்களில் கணிசமானோர் பெண்கள், அவர்களில் பலர் போரில் துணையை இழந்தவர்கள். மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பர் 13 இல் இணைந்தது. அதன்படி நிலத்தைத் துப்புரவாக்கி முடிக்கவேண்டிய நாள் 2028 யூன் 1.

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் விவசாய பீடமும் ஒரே வளவில் இருக்கின்றன. சுருளும் மண்ணும் சந்திக்கவேண்டிய இந்த வேலைக்கு அதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. மண்ணின் காந்த ஏற்புத்தன்மையை 0.46, 4.6 கிலோ ஹேட்ஸ் என இரு மீடிறன்களில் அளக்கும் மேசைக் கருவிகள் விலைக்குக் கிடைக்கின்றன. இரு அளவுகளுக்கிடையிலான வேறுபாடு, நீலின் நுண்துணிக்கைகள் அந்த மண்ணில் எவ்வளவு என்று நேரடியாகச் சொல்லிவிடும். ஓமந்தையில் தொடங்கி, மாங்குளம், ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவுக் கடற்கரைவரை ஒரு கோட்டில் மாதிரிகள் எடுக்கலாம். முடிவில் கொக்கிளாய்ப் பக்கத்து இல்மனைட் கறுப்பு மணலும் சேரும். சேனை எரித்த துண்டும் எரியாத காடும் அருகருகே உள்ள இடங்களில் இரண்டிலும் தனித்தனியே மேல்மண்ணும் அடிமண்ணும் எடுத்தால், நெருப்பைப் பற்றி மேலே சொன்ன எதிர்பார்ப்புச் சரியா பிழையா என்பதும் ஒரு மாணவரின் ஆய்வேட்டுக்குள் அடங்கிவிடும். மாதிரிக்காக மண்வெட்டி வைக்கும் நிலம் மட்டும், துப்புரவாக்கப்பட்டதாகச் சான்றளித்துக் கையளிக்கப்பட்டதாக இருக்க வேண்டும்.